எத்தனை செகண்ட், அண்ணா?

அண்ணன் எழுதிய பழைய நிரலைப் புதுக் கணினியில் கம்பைல் செய்ய, நூற்று நாற்பத்து மூன்று பிழைகள் என்று திரை காட்டியதும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. முதல் பிழையைத் தீர்த்தால் பாதி தானாக உதிர்ந்துவிடும். அப்படித்தான் ஆயிற்று. நிரல் தேடிய தலைப்புக் கோப்பு ஒன்று இடம் மாறியிருந்தது, எடுத்துச் சேர்த்தாள். அண்ணன் ஒரு ஃபங்ஷனுக்கு வைத்திருந்த பெயரைப் புதுக் கணினியை இயக்கும் யூனிக்ஸ் தனக்கென்று எடுத்துக்கொண்டிருந்தது, பெயரை மாற்றினாள். மதியத்துக்குள் ஒரே ஒரு பிழைதான் பாக்கி. அது நகரவில்லை.

நீரேற்று நிலையத்தின் பழைய கணினி திங்கட்கிழமை வட்டு பழுதாகி உயிரை விட்டிருந்தது. மோட்டாரை நிறுத்தி வால்வைத் திறக்கும் கட்டளைகளையெல்லாம் அதிலிருந்த ஷெல் என்ற நிரல்தான் படித்து நடத்தும். அங்கே வேலை பார்த்த காலத்தில் அண்ணன் அந்த ஷெல்லைப் பிரித்துப்போட்டு, தண்ணீருக்கென்றே புதுக் கட்டளைகளைச் சேர்த்திருந்தான். நகலெடுத்து வைத்த டேப்பில் மிஞ்சிய மூலநிரலில் ‘காத்திரு’ என்ற கட்டளை பதினேழு இடங்களில் வந்தது. அது என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்த கோப்பை மட்டும் காணோம்; நகராத பிழை அதுதான். மோட்டார் நின்றபின், வால்வைத் திறக்குமுன், குழாயில் அழுத்தம் இறங்க எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது அதற்குள்தான் இருந்தது. குறைத்துவிட்டால் குழாய் வெடிக்கும். கூட்டிவிட்டால் மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீர் ஏறாது.

“மோட்டார் நின்னப்புறம் பழைய மெஷின் எவ்வளவு நேரம் பொறுக்கும்னு யாருமே பாக்கலையா சார்?”

“அது தானா ஓடிச்சும்மா. யாரு பாத்தா?” என்றார் பொறியாளர். மூன்று நாளாகப் பாதி ஊர் குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடந்தது. அவர் முகத்தில் தூக்கமே இல்லை.

அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவனுக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகிறது. ஜன்னலோரம் சாய்ந்திருந்தான்; சட்டைப் பொத்தானை யாரோ ஒன்று தள்ளிப் போட்டிருந்தார்கள்.

“அவரோட பேப்பரு, கம்ப்யூட்டரு எல்லாத்தையும் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டேன்” என்றாள் அண்ணி, குற்றம் செய்தவள் போல. “பாத்துப் பாத்து அழுதாரு. தாங்க முடியல.”

அவள் மடிக்கணினியை அவன் முன்னால் திறந்து வைத்தாள். அவன் எழுதிய வரிகளில் அவன் கண் நிற்கவில்லை. சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

“அண்ணா, எத்தனை செகண்ட் வச்ச? அறுபதா?”

“ஆமா.”

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஏதோ உறுத்த, மறுபடி கேட்டாள். “நூத்தி எம்பதா?”

“ஆமா.”

“முந்நூறா?”

“ஆமா” என்றான், அதே கனிவோடு.

“எல்லாத்துக்கும் அதான். அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம்” என்றாள் அண்ணி.

அவள் மடிக்கணினியை மூடினாள். பொத்தான்களை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். அவன் அவள் தலையில் இடக்கையை வைத்தான். அது கனத்தது.

நிலையத்துக்குத் திரும்பி, கோப்பை அவளே எழுதினாள். ஒரு எண்ணை அடித்தாள், அழித்தாள், நடுவில் இருக்கட்டும் என்று நூற்றெண்பது போட்டாள். கம்பைலர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடித்தது. வரிகள் ஒழுங்காக இருந்தால் அதற்குப் போதும். எண் சரியா என்று அது கேட்காது.

“எல்லாரும் வெளிய போயிருங்க சார்” என்றாள்.

மோட்டார் இரைந்து ஓடி நின்றது. திரையில் நூற்றெண்பதிலிருந்து நொடிகள் இறங்கின; தீர்ந்ததும் வால்வு தானாகத் திறக்கும். அவள் எழுந்துபோய், வியர்த்திருந்த பெரிய குழாயின்மேல் உள்ளங்கையை வைத்தாள். இரும்புக்குள் அழுத்தம் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.