டக் டக்

அக்காவின் ஜீப்பில் முன்பக்கச் சத்தத்தைத் தேடி இரண்டு நாளாக எனக்கு மண்டை காய்ந்தது. இன்று காலை இடது சக்கரத்தின் பேரிங்கை மாற்றினேன். இப்போது நாலு சக்கரமும் இழுக்கும் கியரில் மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தோம். இடப்பக்கம் பள்ளம்.

"நேத்து கிர்ருன்னுச்சு, இன்னிக்கு டக் டக்குங்குது. மெக்கானிக்னு போர்டு வேற!" ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அக்கா பொரிந்து தள்ளினாள்.

எப்போதும் சக்கர நட்டுகளை முதலில் கையால் திருகி, ஜாக்கியை இறக்கிய பிறகுதான் ஸ்பானரால் இறுக்குவேன். காலையில் ஜாக்கி இறங்கியதும் அக்காவின் போன் வந்தது. "முடிஞ்சுதாடா?" என்றாள். முடிந்தது என்றேன்.

"அக்கா, நிறுத்து! பிரேக்க மெதுவா அமுக்கு!"

இறங்கிப் பார்த்தேன். இடது சக்கரத்தின் ஆறு நட்டில் இரண்டுதான் மிச்சம். அவையும் விரலுக்கே சுழன்றன.

"எந்தப் பார்ட்டுடா கோளாறு?"

"நான்தான்க்கா."