சிலுவையோரம் பிரையனியின் கடை

ஆல்டர்விக் சந்தையில் வாடகை கட்டினால் மட்டும் கடை நிலைக்காது. கொள்ளைநோய் ஆண்டில் ஊரே கதவடைத்துக் கிடந்தபோது, ஒருத்தி சந்தை நடுவிலிருக்கும் கற்சிலுவையடியில் ஒற்றை முட்டையை விற்று, விற்பனை நின்றால் பறிபோகும் என்று அரசர் கொடுத்த சந்தை உரிமையைக் காப்பாற்றினாளாம். அந்த முறை இன்றும் மாறவில்லை. காலாண்டுக்குள் தன் சரக்கில் ஒன்றையாவது வெளியாளிடம் விற்காதவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

சிலுவையை ஒட்டிய இடம் என் மனைவி பிரையனியுடையது. ஜாம் விற்றாள். மார்ச்சில் இறந்துபோனாள். காலாண்டின் கடைசி வியாழக்கிழமை நான் போய் நின்றேன். அவள் காய்ச்சியதில் மிச்சமிருந்தது ஒரே பாட்டில், பிளம் ஜாம். காபி வண்டிக்காரர் அந்த இடத்துக்குக் காத்திருந்தார்.

பக்கத்துக் கடை நெவில் சீஸ் விற்பவர். யாரையாவது விட்டு வாங்கச் சொல்லி, சாயங்காலம் பாட்டிலை என் வீட்டில் சேர்த்துவிடுவதாகக் காதோடு சொன்னார். நண்பகலில் காலாண்டு முடிந்ததென்று மணியடிக்கும் டோரீன் பின்னாலேயே நின்றிருந்தார்.

"நெவில், உன் சீஸ் நாத்தத்தைவிட உன் ரகசியம்தான் தூரமாப் போகுது," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்தார். "பன்னெண்டு மணிக்கு நான் அடிச்சாகணும்ப்பா. அவளுக்காக நிறுத்தினா, அவளே என்னைத் திட்டுவா."

உண்மைதான். திட்டியிருப்பாள்.

பன்னிரண்டு மணி நெருங்கும்போது, பேருந்திலிருந்து இறங்கிய ஒரு பெண் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். புளிக்குமா என்று கேட்டாள். கொஞ்சம் என்றேன். காசை மேசையில் வைத்தாள். பாட்டிலின் மேல் என் கை இருந்தது. அவள் காத்திருந்தாள்.

"விக்கறதுக்குத்தானே வச்சிருக்கீங்க?"

"ஆமா."

கையை எடுத்தேன்.

மணி அடித்தது. நெவில் என் முதுகில் தட்டினார். காபி வண்டிக்காரர் தொப்பியைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். அந்தப் பெண் சிலுவைப் படியில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து ஜாமில் தோய்த்துத் தின்றாள்.

"ரொம்ப நல்லாருக்கு," என்று அங்கிருந்தே சொன்னாள். "அடுத்த வாரம் ரெண்டு எடுத்து வைங்க."

சரி என்றேன். சந்தை கலையும்வரை மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.