படம் வந்தது, திரை எழவில்லை

எங்கள் கம்பெனியில் எந்தத் தொடுதிரைக்கு எந்த மென்பொருள் என்று முடிவு செய்வது என் வேலை. கேட்க ஏதோ பெரிய மனுஷத்தனமாக இருக்கும். உண்மையில் மாடி மூலையறையில் ஒரு மேசை, சில திரைகள், நான், அவ்வளவுதான். பேச்சுத் துணைக்கு ஏசி இரையும்.

இந்த முறை வந்த வேலை, ரப்பர் வளையம் வார்க்கும் இயந்திரத்துக்கான திரை. அந்தத் தொழிற்சாலையில் கரண்ட் நினைத்தால் போகும், நினைத்தால் வரும். வந்த உடனே அச்சைத் திறக்காவிட்டால் உள்ளே ரப்பர் கருகிவிடும். திறக்கவும் மூடவும் ஒரே பொத்தான், அதுவும் திரையில்தான். ஆகவே கரண்ட் வந்த கையோடு திரையும் எழுந்தாக வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

வழி இரண்டு. ஒன்று, இயங்குதளம் எதுவும் தேவைப்படாத சின்ன மென்பொருள். கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுந்துவிடும். பார்க்க லட்சணம் போதாது, எழுதத் தெரிந்தவனும் கம்பெனியில் நான் ஒருவன்தான். இன்னொன்று, எல்லோரும் பழகிய பெரிய இயங்குதளம். அழகுக்கும் வசதிக்கும் குறைவில்லை. எழுந்திருக்கத்தான், கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் மாதிரி நேரம் எடுக்கும்.

பெரியதை எடுத்தால் அதில் வேலை செய்யும் கீழ்த்தளக் குழு மேலே வந்து என்னோடு உட்காரும். சின்னதை எடுத்தால் வருஷம் முழுக்க நான் தனி. மனைவி காலமான பிறகு வீட்டில் என் குரலை நானே கேட்பதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஆள் வேண்டியிருந்தது. மென்பொருளைப் பார்த்து அல்ல, அதோடு வரும் மனிதர்களைப் பார்த்துத்தான் என் மனசு பெரியதன் பக்கம் சாய்ந்தது.

அந்தக் குழுவுக்குத் தலைவி ஒரு சின்னப் பெண். ஓயாமல் பேசுவதால் கம்பெனியே அவளை ரேடியோ என்று கூப்பிடும். அவள்தான் யோசனை சொன்னாள்.

"சார், கரண்ட் வந்ததும் முதல் பக்கத்தோட படத்த மட்டும் காட்டிடுவோம். அடியில சாஃப்ட்வேர் அது பாட்டுக்கு மெதுவா எழுந்திருக்கட்டும். யாருக்குத் தெரியப் போகுது?"

தலையாட்டினேன். மறுநாளே நாற்காலிகளோடு வந்து இறங்கிவிட்டார்கள். அறை கலகலத்தது. என் மூக்குக்கண்ணாடியை ஒளித்து வைத்து என்னை அலைய விட்டார்கள். சாப்பாட்டு வேளையில் "சார், வாங்க, ஆறிடும்" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்காகவே காலையில் சீக்கிரம் கிளம்பினேன்.

எங்கள் திரையைப் பார்த்துச் சொல்ல, இயந்திரத்தை ஓட்டும் ஓர் அம்மாவைத் தொழிற்சாலையிலிருந்து அனுப்பினார்கள். மேசைமேல் சிறிய மாதிரி அச்சு ஒன்றைப் பொருத்தியிருந்தோம். கரண்ட்டை நிறுத்திப் போட்டோம். படம் பளிச்சென்று வந்தது. எங்கள் மேனேஜர் முகத்தில் அத்தனை பல்லும் தெரிந்தது.

அந்த அம்மா பொத்தானைத் தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தொட்டார். விரலை உடையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை தொட்டார். அதற்குள் அடியில் மென்பொருள் எழுந்துவிட்டது. சேர்ந்து கிடந்த தொடுதல்களை ஒன்றுவிடாமல் நிறைவேற்றியது. அச்சு திறந்தது, படாரென்று மூடியது, மறுபடி திறந்தது.

"ஐயோ, நான்தாங்க அவசரப்பட்டுட்டேன். கையில எண்ணெய்ப் பிசுக்கு வேற," என்றார் அந்த அம்மா, கூசிப்போய்.

"பரவாயில்லக்கா. ஒரு தடவ தொட்டாப் போதும்," என்றாள் ரேடியோ.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. நான் அந்த அச்சையே பார்த்தேன். தொழிற்சாலையில், அச்சு மூடிய நேரத்தில், அவர் கை உள்ளே இருந்திருந்தால்? மென்பொருள் எழும் முன் விழுந்த தொடுதல்களைக் கணக்கில் எடுக்காமல் விடச் செய்யலாம்தான். அப்போதும் திரை முகத்தைக் காட்டிக்கொண்டு காது கேளாமல் நிற்கும். ரப்பர் கருகும். அவர் தன் விரலைத்தான் துடைத்துக்கொண்டிருப்பார். நான் வாயை மூடிக்கொண்டால் இவர்கள் எல்லோரும் என்னோடு இருப்பார்கள். அதையும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

"தப்பு உங்க கையில இல்லம்மா. எங்க திரையில. நீங்க தொட்டப்ப அது எழுந்திருக்கவே இல்ல. அது வெறும் படம்."

மேனேஜர் என்னை முறைத்தார்.

"அப்ப அந்தச் சின்ன சாஃப்ட்வேர்தானா? உங்ககூட யாரப் போடறது?"

"யாரும் வேண்டாம் சார். அது எனக்கு மட்டும்தான் தெரியும்."

அன்றைக்கே குழுவைக் கீழே அனுப்பிவிட்டார்கள், வேறு வேலைக்கு. "கோபமில்லயே சார்? அப்பப்பக் கீழ வாங்க," என்றாள் ரேடியோ. ஒருமுறை போனேன். எல்லோரும் தலைபோகிற அவசரத்தில் இருந்தார்கள். தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

சின்ன மென்பொருள் தயாரான அன்று கரண்ட்டைப் போட்டேன். சுவிட்சிலிருந்து கையை எடுப்பதற்குள் திரை எழுந்தது. தொட்டேன். அச்சு திறந்தது, ஒரே ஒரு முறை. சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா, ரேடியோ!" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே திரும்பினேன். அறையில் யாரும் இல்லை.