எல்லாம் ஒண்ணா எரியணும்

வாங்க வேண்டியது இரண்டே பொருள்தான். தடித்த வயர் ஒரு சுருள், அதிகக் கரண்டைத் தாங்குகிற ரிலே ஸ்விட்ச் ஒன்று. இரண்டையும் வாங்கிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பிய வயரிங்காரன் ஷட்டருக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டான். ஆறு மணிக்கு அவன் கிளம்பும்போது அங்கே நின்ற அத்தானின் காரைக் காணோம்.

அத்தான் என்றால் அவனுடைய அக்கா வீட்டுக்காரர். காரின் இன்னொரு சாவி அவரிடம் உண்டு. சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்த போனை எடுத்துப் பார்த்தான். அவர் அனுப்பிய குரல் செய்தி வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"மாப்ள, நாளைக்குப் பெரிய மழையாம், மலைப்பாதைய மூடிருவாங்களாம். காலையில மலைக்கு அந்தப் பக்கம் உங்கக்கா புது ஆபீஸ்ல போய் நிக்கணுமே, அதான் இப்பவே கிளம்பிட்டோம். பட்டறை பூட்டியிருந்துச்சு, என் சாவி போட்டு எடுத்துட்டேன். லைட்டு சும்மா அள்ளுது போ! எல்லாம் ஒண்ணா எரியுது!"

பின்னால் அக்கா மகள் "மாமா, டாட்டா!" என்று கத்துவதும் கேட்டது.

அந்தக் காரில் ஹை பீம் போட்டால் ஃபாக் லைட் தானாக அணைந்துவிடும். கம்பெனிக்காரன் செய்ததே அப்படித்தான். பனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் மோதித் திரும்பி, ஓட்டுகிறவன் கண்ணிலேயே வந்து விழும். ஃபாக் லைட் தரையோடு தரையாக அடிப்பது அதற்காகத்தான். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வேலை இல்லை. இதை அத்தானிடம் பத்துத் தடவை சொல்லியாயிற்று. செவிடன் காதில் ஊதிய சங்குதான். "என் வண்டில இருக்கற லைட்டு நான் சொன்னா எரியணும். எல்லாம் ஒண்ணா எரியணும்," என்பார். போதாக்குறைக்குப் பெரிய பல்புகளாக வேறு வாங்கி மாட்டியிருந்தார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் அத்தான், "உன்னால ஆகாதுன்னா விடு மாப்ள, எல்லாருக்கும் எல்லாம் வந்துருமா?" என்று சிரித்தார். அவ்வளவுதான், ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கையில் கிடைத்த மெல்லிய வயரால் இரண்டையும் இணைத்தான். எரிந்த ஐந்தாவது நிமிடம் பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ் போயிற்று. போகத்தான் வேண்டும். தாங்காத கரண்ட் வந்தால் முதலில் தான் செத்து வயரைக் காப்பாற்றுவதுதானே ஃபியூஸின் பிழைப்பு?

அந்த இடத்தில் அவன் முப்பது ஆம்பியர் ஃபியூஸைச் செருகினான். ஒரு தடவை எரித்துக் காட்டி அத்தானின் வாயை அடைத்துவிட்டு, தடித்த வயரை வாங்கிவந்து ஒழுங்காக மாற்றிவிடலாம் என்று நினைத்தான். வேலை தெரியாதவனுக்கு இந்தத் தப்பைச் செய்யக்கூடத் தெரியாது. தெரிந்தவனுக்குத்தான் அந்தத் திமிர் வரும்: ஒரு மணி நேரம்தானே, நான்தானே பக்கத்தில் இருக்கப்போகிறேன் என்று. கடைக்குப் போகும்போது அந்த ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால்கூடப் போதும். அதையும் செய்யவில்லை.

இனி ஃபியூஸ் சாகாது, வயர்தான் சாகும். அந்த வயர் டேஷ்போர்டுக்கு அடியில், முன்சீட்டில் உட்காருகிறவர் காலுக்கு மேலாகப் போகிறது. அங்கே அக்கா உட்கார்ந்திருப்பாள். இரண்டு விளக்கும் சேர்ந்து பத்துப் பதினைந்து நிமிடம் எரிந்தால் ரப்பர் உருகும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதை அவன் எரிந்துபோன வண்டிகளில் பார்த்திருக்கிறான். அத்தானுக்கு அடித்தான், அக்காவுக்கு அடித்தான். இரண்டு போனும் தொடர்பு எல்லைக்கு வெளியே.

பட்டறை வேனை எடுத்துக்கொண்டு பறந்தான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான், ஆனால் வாலையாவது பிடிக்க வேண்டுமே. அடிவாரத்துக் கடையில் சாப்பிடாமல் அத்தான் மலை ஏறியதாகச் சரித்திரம் இல்லை. அந்த ஒரு நம்பிக்கையில் கடை வாசலில் நிறுத்தி, ஜன்னல் வழியாகவே கத்திக் கேட்டான்.

"சின்னப் பொண்ணோட ஒரு குடும்பமா? இப்பத்தான் போனாங்க. பத்து நிமிஷம் இருக்கும்," என்றார் கடைக்காரர். "மேல பனி பயங்கரமா இருக்காம் தம்பி, பாத்துப் போங்க."

நாலாவது வளைவிலேயே பனி வந்துவிட்டது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. லோ பீமும் ஃபாக் லைட்டும் மட்டும் போட்டு, சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஏறினான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பள்ளத்துப் பக்கம் முட்டி உயரத்துக்குக் கல் நட்டிருந்தது, அதிலும் பாதிக்குப் பாதி இல்லை. வேகமாகப் போனால் அவனே போய்ச் சேரமாட்டான், மெதுவாகப் போனால் அவர்களைப் போய்ச் சேரமாட்டான். இப்படி ஒரு இக்கட்டில் தன்னைத் தானே கொண்டுவந்து மாட்டிக்கொண்டதை நினைத்து வாய்விட்டே திட்டிக்கொண்டான்.

ஒன்பதாவது வளைவைத் தாண்டியதும் சிவப்பாக இரண்டு புள்ளிகள் தெரிந்தன. ஒன்று கொஞ்சம் மங்கல். உடைந்த பின்விளக்குக்குப் போன மாதம் சிவப்பு டேப் ஒட்டிக் கொடுத்தது அவன்தான். அத்தானின் கார்தான், சந்தேகமே இல்லை. ஹை பீம் எரியவில்லை. அவருக்கே கண் கூசியிருக்கும் போல. போன உயிர் பாதி திரும்பி வந்தது.

அவசரத்தில் எந்த டிரைவரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். ஹாரனை அழுத்தி, ஹை பீமை இரண்டு மூன்று தடவை அடித்துக் காட்டினான்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று. அத்தான் ரோட்டில் யாருக்கும் வழி விடுகிற ஆள் இல்லை. பின்னால் வருகிறவன் முந்திவிட்டால் ஆயுசு குறைந்துவிடும் என்று நினைக்கிற ஜாதி. பின்னாலிருந்து லைட் அடிப்பது யார் என்று தெரியாமல், எவனோ திமிர் பிடித்தவன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பதிலுக்கு ஹாரனை நீட்டி அடித்தார். அடுத்த நொடி காருக்கு முன்னால் இருந்த பனி முழுவதும் பளீரென்று வெளுத்தது. எல்லாம் ஒன்றாக எரிந்தது.

வெளுத்த பனிக்கு நடுவே கார் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. பின்கண்ணாடியில் ஒரு சின்னத் தலை சாய்ந்திருந்தது. பாப்பா தூங்கிவிட்டாள். கார் வேகமெடுத்தது. அந்த வெளுப்பில் அத்தானுக்கு முன்னால் எதுவுமே தெரிந்திருக்காது. இருந்தும் ரோட்டின் நடுவில்தான் போனார், முந்திப்போக இடம் கொடுக்கவில்லை. இவன் நெருங்கினால் அவர் விரட்டினார். இவன் பின்தங்கினாலும் விளக்குகளை அணைக்கவில்லை.

"அத்தான், அணைங்க அத்தான்! கால்ல விழறேன், அணைங்க!" என்று மூடிய கண்ணாடிக்குள் கத்தினான். யாருக்குக் கேட்கும்? டேஷ்போர்டு கடிகாரத்தைப் பார்த்தான். எல்லாம் எரிய ஆரம்பித்து எட்டு நிமிடம். பத்து நிமிடம். பதினோராவது நிமிடம் முன்னால் இருந்த வெளிச்சம் ஒரு தடவை துடித்து, மறுபடி நிலைத்தது. அந்தத் துடிப்பு என்னவென்று அவனுக்குத் தெரியும். ரப்பர் உருகத் தொடங்கிவிட்டது.

இவன் லைட் தெரிகிறவரை அவர் நிற்கமாட்டார். லைட்டைப் பார்க்கப் பார்க்கத்தான் அவருக்கு வீம்பு ஏறுகிறது. ஆனால் ஒன்று, வண்டி ஓட்டும்போது அத்தான் முன்னால் பார்ப்பதைவிடக் கண்ணாடியில் பின்னால் பார்ப்பதுதான் அதிகம்.

அவன் பிரேக்கை மிதித்தான். வேனைப் பாறைப் பக்கம் ஒதுக்கி, ஹெட்லைட், ஃபாக் லைட், பார்க்கிங் விளக்கு, எல்லாவற்றையும் அணைத்தான்.

கையை முகத்துக்கு நேரே பிடித்தாலும் தெரியாத இருட்டு. சிவப்புப் புள்ளிகள் வளைவில் திரும்பி மறைந்தன. தோற்று ஓடிவிட்டான் என்று சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டால்? அப்படிப் போனால் இனி பிடிக்கவே முடியாது. முதல் நிமிடம் போயிற்று. ஒன்றும் இல்லை. இரண்டாவது நிமிடம் கீழேயிருந்து லாரி ஒன்று முக்கிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது. வேனில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. லாரிக்காரன் இதைப் பார்க்க வழியே இல்லை. விளக்கைப் போட்டால் உயிர் தப்பும், ஆனால் அத்தான் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். சுவிட்சில் வைத்த விரல் வியர்த்தது. லாரிச் சத்தம் அடுத்த வளைவுக்கு வந்துவிட்டது. அவன் போடவில்லை.

"யாருங்க? யாராச்சும் இருக்கீங்களா? ஐயா! கேக்குதா?"

பள்ளத்துப் பக்கமிருந்து வந்தது அந்தக் குரல். அத்தான் செல்போன் வெளிச்சத்தைக் கீழே அடித்துக்கொண்டு கல் கல்லாகக் குனிந்து தேடிக்கொண்டு வந்தார். அவர் குரல் நடுங்கி வயரிங்காரன் அன்றுவரை கேட்டதே இல்லை. சட்டென்று நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டுக் கீழே குதித்தான். லாரி உறுமியபடி வேகம் குறைந்து, ஒதுங்கிக் கடந்து போயிற்று.

"நீயா?" அத்தான் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "நீயாடா? போட்டி போட்டு எவனையோ பள்ளத்துல தள்ளிட்டேன்னு நெனச்சேன்டா, பாவி!" அழுகிறாரா திட்டுகிறாரா என்று தெரியவில்லை.

"அத்தான், காரு லைட்ட அணைச்சீங்களா?"

"எங்க அணைக்கறது? எல்லாம் எரியுது. உங்கக்கா உள்ளதான் இருக்கா."

அவன் அவரை உதறிவிட்டு ஓடினான். வளைவைத் திரும்பும்போதே நாற்றம் அடித்தது. கார் மொத்த வெளிச்சத்தையும் கொட்டிக்கொண்டு நின்றது. குளிருக்கு எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது. முன்கதவைப் பிடுங்கித் திறந்தான். உள்ளே புகை. அக்கா புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, "தம்பி? நீ எப்படிடா இங்க? என்னமோ கருகுதுடா," என்றாள்.

"இறங்குக்கா! பாப்பாவத் தூக்கு, தூக்கு!"

அவள் கேள்வி கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினாள். அவன் தலைகீழாக டேஷ்போர்டுக்கு அடியில் நுழைந்தான். அக்காவின் கால் இருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே வயர் செக்கச் சிவந்து கிடந்தது, கீழே கிடந்த கால்மிதியின் ஓரத்தில் சின்னதாக ஒரு தீ நாக்கு. பாக்கெட்டில் எப்போதும் கிடக்கும் கட்டரை வைத்து வயரை நறுக்கினான். எல்லா விளக்கும் ஒரேயடியாகப் போயின. தீயைக் கையாலேயே அடித்து அணைத்தான். உள்ளங்கை பொசுங்கியது அப்போது தெரியவில்லை.

வெளியே வந்தபோது வேனின் இண்டிகேட்டர் வளைவுக்கு அப்பால் பனியை மஞ்சளாக்கி மஞ்சளாக்கி அணைந்துகொண்டிருந்தது. தோளில் பிள்ளையோடு அக்கா நின்றாள்.

"எப்படி ஆச்சு?"

"நான்தான்," என்றார் அத்தான். "நான்தான் மாப்ளயப் பாடாப்படுத்தி அந்த லைட்ட…"

"நீங்க சும்மா இருங்க." தம்பியைப் பார்த்தாள். "இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இஸ்திரிப் பெட்டி முதல் ஃப்ரிட்ஜ் வரை அவன் கை படாத எதையும் வீட்டில் வைக்காதவள், அவன் சொன்னதை நம்பியிருப்பாள். அத்தானும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார்.

"தெரியும்க்கா," என்றான். "பெரிய ஃபியூஸப் போட்டு எரிச்சுக் காட்டிட்டு அப்புறம் மாத்திடலாம்னு… அத எடுக்காமலே கடைக்குப் போயிட்டேன்."

"அவருக்கு ஒண்ணும் தெரியாது, என்ன வேணா கேப்பாரு. நீ தெரிஞ்சவன்டா."

அவள் பிள்ளையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். தன் மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. காரைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். வேன் சாவியை வாங்கி அக்கா அத்தானிடம் கொடுத்தாள். பிள்ளையோடு முன்னால் ஏறிக்கொண்டாள். அவன் பின்னால் வயர்ச் சுருள்களுக்கும் பழைய பேட்டரிகளுக்கும் நடுவே உட்கார்ந்தான். உள்ளங்கை இப்போது விண் விண்ணென்று தெறித்தது.

அத்தான் லோ பீமில், நடக்கிற வேகத்தில் ஓட்டினார். பின்னாலிருந்து இரண்டு வண்டிகள் ஹாரன் அடித்து முந்திப் போயின. விட்டுவிட்டார். மலை உச்சியைத் தாண்டி இறக்கத்தில் எங்கேயோ பாப்பா விழித்துக்கொண்டு, "நம்ம கார் எங்கம்மா?" என்று கேட்டாள்.

"ரிப்பேர்."

பாப்பா சீட்டின் மேலாக எட்டிப் பின்னால் பார்த்தாள். "மாமா இருக்காங்களே! மாமா, நாளைக்கு நீங்கதான காரைச் சரி பண்ணுவீங்க?"

வயரிங்காரன் அக்காவின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பவில்லை.

"இல்லம்மா," என்றாள். "வேற ஒருத்தர் பண்ணுவாரு."

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். அவன் முந்திக்கொண்டான்.

"ஆமாடா செல்லம்," என்றான். "வேற ஒரு மாமா பண்ணுவாரு. நல்லா பண்ணுவாரு."