வெள்ளையாக இருந்த கட்டி

அதே இடம், அதே அளவு, ஒரே கட்டி. நான்கு வருடத்துக்கு முன் எடுத்த ஸ்கேன் படத்தில் அது வெள்ளையாக இருந்தது. போன திங்கட்கிழமை எடுத்த படத்தில் கறுப்பாக இருக்கிறது. எப்படி என்று ரஷீத் அஹமதுவுக்கு விளங்கவில்லை.

நிறம் தெரியாதவர் அல்ல. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஃபினிஷிங் பிரிவில் இருபத்தாறு வருடமாக ஷேட் மேட்சிங் பார்ப்பவர். வாங்கும் கம்பெனி உள்ளங்கை அளவுக்கு ஒரு மாதிரித் துண்டு அனுப்பும். அந்த நிறம் இங்கே தயாராகும் தோலிலும் வர வேண்டும். முழுத் தோலை விரித்துவைத்துப் பார்த்தால் சுற்றியுள்ள நிறம் கண்ணை ஏமாற்றிவிடும். அதனால் தோலின் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, உள்ளே சாம்பல் நிறம் பூசிய விளக்குப் பெட்டியில் மாதிரித் துண்டோடு விளிம்பு ஒட்ட வைத்துப் பார்ப்பார்கள்.

ரஷீத் கட்டியையும் அப்படித்தான் பார்த்தார். இரண்டு படங்களையும் நகல் எடுத்து, கட்டி இருந்த இடத்தை மட்டும் கத்தரித்து, பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று சுண்ணாம்பு. மற்றது கரி. சந்தேகத்துக்கே இடமில்லை. யாரும் தொடாமல் கிடக்கும் தோல் தானாக நிறம் மாறினால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: அது கெட்டுப்போகிறது.

"இன்னா பாய் இது? எந்த பையர் சாம்பிளு?" என்று பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான் புகழேந்தி. ஸ்ப்ரே மெஷின் ஓட்டுகிறவன்.

"என் ஈரல்பா."

புகழேந்தி சிரித்தான். ரஷீத் சிரிக்கவில்லை என்று கண்டதும் கையுறையைக் கழற்றினான்.

"வீட்ல சொன்னீங்களா?"

"எப்படி சொல்றது? போன வருஷம்தான் அவ அண்ணன் சத்தார் ஈரல் கேன்சர்ல போனாரு. அந்த வார்த்தைய எடுத்தாலே ஃபிர்தௌஸ் உக்காந்துடுவா."

வியாழக்கிழமை காலை, ராணிப்பேட்டைக்கு சாம்பிள் கொண்டுபோவதாக வீட்டில் சொல்லிவிட்டு, ரஷீத் புகழேந்தியின் வண்டியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஸ்கேன் அறையில் இருந்த டாக்டர் ஹெலன் பழைய காகிதங்களைப் புரட்டினார். நான்கு வருடத்துக்கு முன் வயிற்றுவலிக்காக சி.டி. எடுக்கப் போனபோது டை என்னும் சாய ஊசி போட்டதும் ரஷீத்துக்கு முகம் வீங்கியிருந்தது, பாதியில் நிறுத்திவிட்டார்கள். வயிற்றுவலி நின்றதும் அவரும் அதை மறந்துவிட்டார்.

ரஷீத் சட்டைப்பையிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்து நீட்டினார். டாக்டர் அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"யார் இத வெட்டுனது?"

"நான்தான் மேடம். எங்க வேலைல இப்படித்தான் பார்ப்போம்."

"தோலுக்கு சரி. ஆனா பக்கத்துல இருந்ததயெல்லாம் வெட்டிப் போட்டுட்டீங்களே. எனக்கு வேணுங்கறதே அதுதான்."

டாக்டர் விளக்கினார்: ஸ்கேன் மெஷின் வயிற்றுக்குள் ஒலியை அனுப்புகிறது. திரும்பி வரும் எதிரொலி பலமாக இருந்தால் அந்த இடத்தை வெள்ளையாகவும், பலவீனமாக இருந்தால் கறுப்பாகவும் வரைகிறது. ஆனால் எவ்வளவு பலத்துக்கு எவ்வளவு வெள்ளை என்பதற்கு நிலையான அளவு கிடையாது. மெஷினில் ஒரு திருகு இருக்கிறது. ஸ்கேன் எடுப்பவர் அதைத் திருப்பி, ஈரல் நடுத்தரமான சாம்பல் நிறத்தில் தெரியும்படி வைத்துக்கொள்வார். கொழுப்பு ஏறிய ஈரல் எதிரொலியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். படம் கண்ணைக் கூசும். உடனே திருகைக் குறைப்பார். குறைத்தால் ஈரல் மட்டும் மங்குவதில்லை, படத்தில் உள்ள எல்லாமே சேர்ந்து மங்கும். கட்டியும் கூட.

"அப்போ எத வெச்சி பார்க்கறது?" என்றார் ரஷீத்.

"கிட்னிய வெச்சி. ஈரல்ல ஏறுற மாதிரி அதுல கொழுப்பு ஏறாது. நல்லவேளையா உங்க கட்டி கிட்னிக்குப் பக்கத்துலயே இருக்கு. ரெண்டும் ஒரே படத்துல விழுந்திருக்கு."

டாக்டர் வெட்டப்படாத இரண்டு படங்களையும் மேசையில் வைத்தார். ரஷீத் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். பழைய படத்தில் ஈரலும் கிட்னியும் ஏறக்குறைய ஒரே சாம்பல். கட்டி இரண்டையும்விட வெளுப்பு. புதிய படத்தில் ஈரல் கிட்னியைவிட வெளுத்துக் கிடக்க, கிட்னி நன்றாகக் கறுத்திருந்தது. நடுவில் கட்டி. ஈரலைவிடக் கறுப்பு; ஆனால் கிட்னியைவிட இன்னும் வெளுப்பு.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"மாறுனது கட்டி இல்ல மேடம்," என்றார் மெதுவாக. "பின்னாடி இருக்குற கலர்."

"பாய், இதத்தான எனக்கு தெனமும் சொல்லித் திட்டுவீங்க," என்றான் புகழேந்தி.

"நீ சும்மா இருப்பா."

டாக்டர் சிரித்தார். ஆனால் கையை உயர்த்தித் தடுக்கவும் செய்தார். "இது என் யூகம்தான். கொழுப்பு ஈரல்ல கெட்ட கட்டியும் வரலாம். ஊசி போட்டுப் பார்த்துட்டு சொல்றேன். பயப்படாதீங்க, முகம் வீங்கவெச்ச டை இல்ல இது. வெறும் காத்துக் குமிழி."

ஊசிக்குழாயில் பால்போல ஒரு திரவம். அதில் கோடிக்கணக்கான குமிழிகள், ஒவ்வொன்றும் ரத்த சிவப்பணுவைவிடச் சிறியது. அவை ரத்தக்குழாயைவிட்டு வெளியே போகாது. ஒலி பட்டால் துடித்து, பளிச்சென்று தெரியும். சில நிமிடத்தில் உடைந்து, உள்ளிருந்த வாயு மூச்சோடு வெளியேறிவிடும். அதாவது ரத்தம் எந்த வழியாக, எந்த வேகத்தில் கட்டிக்குள் போகிறது என்பதை நேரடியாகவே பார்க்கலாம்.

"கெட்ட கட்டின்னா பெரும்பாலும் ரத்தத்த சட்டுனு இழுத்துக்கும், அப்புறம் சீக்கிரமே சுத்துப்பக்கத்தவிட கறுத்துடும்," என்றார் டாக்டர். "சாதுவான ரத்தக்குழாய் முடிச்சுன்னா ஓரத்துலருந்து உள்ள நிதானமா நிரம்பும். நிரம்பினா அப்படியே நிக்கும். நீங்களே பாருங்க."

குமிழிகள் ஏறின. திரையின் மூலையில் வினாடிகள் ஓடின. பதினைந்தாவது வினாடியில் கட்டியின் விளிம்பில் ஒரு வெளிச்சப் புள்ளி. பிறகு இன்னொன்று. நடுவில் இருட்டு. சட்டென்று எதுவும் நிறையவில்லை. ஒரு நிமிடம். புள்ளிகள் தடித்து உள்நோக்கி நகர்ந்தன. ரஷீத் மூச்சை அடக்கியிருந்தார்.

"மூச்சு விடுங்க சார். படம் ஆடலேன்னு எனக்கு சந்தோஷம்தான், ஆனா விடுங்க."

மூன்றாவது நிமிடத்தில் நடுவில் ஒரு கடுகளவு இருட்டு மிச்சம். நான்காவதில் அதுவும் இல்லை. இனி அது கறுக்குமா என்பதுதான் கேள்வி. ஐந்தாவது நிமிடம் வரை டாக்டர் அவ்வப்போது மட்டும் கருவியை வைத்துப் பார்த்தார். கட்டி கறுக்கவில்லை.

"ஹீமாஞ்சியோமா," என்றார். "ரத்தக்குழாய் முடிச்சு. கேன்சர் இல்ல."

ரஷீத் வயிற்றில் பூசிய ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். புகழேந்தி சுவரைப் பார்த்து நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சினான்.

வெளியே வராந்தாவில் ஃபிர்தௌஸுக்கு போன் போட்டார். பின்னால் ஒலிபெருக்கி யாரோ ஒருவரின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டது.

"ராணிப்பேட்டைல டோக்கன் குடுத்தா சாம்பிள் வாங்கறாங்க?" என்றாள் ஃபிர்தௌஸ்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் அழுகை. அதன் முடிவில், "நாலு நாளா தனியா சுமந்தீங்களா? வீட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு. சரி, வெள்ளையா இருந்தது ஏன் கறுப்பாச்சு? அத ஒழுங்கா சொல்லுங்க."

"கட்டி மாறல. நாலு வருஷத்துல என் ஈரல்ல கொழுப்பு ஏறி, அதுதான் வெளுத்துப் போச்சு. வெளுப்புக்கு நடுவுல கட்டி கறுப்பாத் தெரியுது. கட்டிய ஒண்ணும் செய்ய வேணாம். கொழுப்ப எறக்கணும், அதுக்கு தெனமும் நடக்கணும். அடுத்த வருஷம் ஸ்கேன் எடுக்கும்போது கிட்னியையும் ஒரே படத்துல சேர்த்து எடுத்து, அத வெச்சித்தான் கட்டிய பார்க்கணும்."