வெட்டாத பதினான்கு கத்திகள்

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் எலுமிச்சம்பழத்தை அறுத்தால் அது மறுபடி ஒட்டிக்கொள்ளும். இரண்டு பாதிகளும் பலகையில் ஒரு நிமிடம் பிரிந்து கிடக்கும். பிறகு ஒன்றை நோக்கி ஒன்று உருண்டு வந்து, கோடுகூடத் தெரியாமல் முழுப் பழமாகிவிடும். பிழிய வேண்டியதை அந்த ஒரு நிமிடத்துக்குள் பிழிந்துகொள்ள வேண்டும். அவர் மனைவிக்கு அது கைப்பழக்கமாகிவிட்டது. காரணம் என்னவென்று இருவருக்கும் தெரியும். அது அவருடைய இரண்டாவது கத்தி.

மெக்கானிக் கத்தி சேர்க்கிறவர். மடக்குக் கத்தியை அவர் கத்தி என்றே ஒப்புக்கொள்வதில்லை. நுனியிலிருந்து பிடியின் கடைசிவரை ஒரே இரும்பாக ஓட வேண்டும், அதுவும் ஒரே ஒரு பட்டறைக்காரர் கையால் செய்ததாக இருக்க வேண்டும். அந்தப் பட்டறைக்காரர் ஆயுசு முழுக்கச் செய்தது ஒரே மாதிரியைத்தான்: சாண் நீளம், அகலமான வயிறு, தோல் உறை. ஆனால் ஒன்றைப் போலவே இன்னொன்றைச் செய்ய அவருக்குச் சலிப்பு. ஒன்றின் பிடியில் பித்தளை ஆணி மூன்று என்றால் அடுத்ததில் இரண்டு. ஒன்றில் கருங்காலி, ஒன்றில் கொம்பு. ஒன்றில் மட்டும் விரல் பதிய ஒரு சின்னப் பள்ளம். இந்தச் சின்ன வித்தியாசங்களுக்காக மெக்கானிக் இருபது வருடம் அலைந்தார். "நாள் முழுக்க ஏறி இறங்குற மனுஷன், இதுல இறங்கினவர் மட்டும் இன்னும் ஏறலை" என்பாள் மனைவி. அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். பேச்சு எப்போதும் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

கத்தி சேர்க்கிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு நூலை வெட்டிவிட்டால்கூட அது சேகரிப்புக் கத்தி இல்லை, வெறும் கத்தி. அதனால் அவருடைய நோட்டில் 'நிலை' என்ற பத்தியில் எல்லாக் கத்திகளுக்கும் நேரே 'வெட்டாதது' என்று எழுதியிருந்தது. அதற்கடுத்த பத்திக்கு 'எதை வெட்டவிடாது' என்று தலைப்பு. ஏனென்றால் வந்த ஒவ்வொரு கத்தியும் அந்த வீட்டில் ஏதோ ஒரு பொருளைப் பிடித்துவைத்துக்கொண்டது. முதல் கத்தி சோப்புக் கட்டியை. ஐந்தாவது அட்டைப்பெட்டிகளை. ஏழாவது அவருடைய கால் நகங்களை. அவற்றை அவர் வேலை நேரத்தில், லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து வெட்டிக்கொண்டார். ஒன்பதாவது மட்டும் எதைப் பிடித்திருக்கிறது என்று தெரியவில்லை. கயிறு, மெழுகுவர்த்தி, கேரட், பழைய செருப்பு என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் அரிவாள்மனையிலும் கத்தரிக்கோலிலும் வெட்டிப் பார்த்தார்கள். புதிதாக எதுவும் ஒட்டவில்லை. அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது, அது அவருக்குப் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்தியது.

பதினான்காவது கத்திக்குப் பிடியில் ஆணியே கிடையாது. ஒரே கொம்பைக் குடைந்து இரும்பை உள்ளே இறக்கியிருந்தார் பட்டறைக்காரர். அப்படி அவர் செய்தது ஒன்றுதான். அதை அடைய மெக்கானிக்கும், அவருக்குப் போட்டியாகக் கத்தி சேர்த்த பல் டாக்டரும் பல வருடம் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார்கள். கடைசியில் அதன் சொந்தக்காரர் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டார். மெக்கானிக் கதவை நெம்பி அவரைத் தூக்கிவிட்டார். மனுஷன் வெளியே வந்த சந்தோஷத்தில் கத்தியைக் கையில் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் மனைவி ஆஸ்பத்திரித் துணியை மேஜையில் விரித்தாள். நாற்பது நர்ஸ்களுக்கு மேலங்கி, பத்து நாளில் கொடுக்க வேண்டும். அவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். கத்தரிக்கோல் முன்னால் போகப் போக, துணி பின்னால் மூடிக்கொண்டே வந்தது. நான்கு தடவை பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"சோப்பு போச்சு, பரவாயில்லைன்னேன். எலுமிச்சம்பழம் போச்சு, சரின்னேன். இது என் பொழப்புங்க."

மெக்கானிக் கத்தியை எடுத்துப்போய், தான் வேலை பார்க்கும் கட்டிடத்தின் மொட்டைமாடி மெஷின் ரூமில் ஒளித்துவைத்தார். மத்தியானத்துக்குள் அங்கே இரண்டாம் மாடி ஜவுளிக்கடையில் ஒரு மீட்டர் துணியைக்கூடக் கிழிக்க முடியவில்லை. திருடனைப் போலத் திருப்பி எடுத்து வந்தார். பிறகு பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் சாணைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது எதையாச்சும் வெட்டிச்சா?" என்று கேட்டார்.

"ஐயோ, இல்லைங்க. பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன்."

"அப்ப வேற யாரையும் அது வெட்ட விடாது. என் கத்திக்கு ரோஷம் ஜாஸ்தி."

விஷயம் பல் டாக்டர் காதுக்கும் போனது. அவர் அன்றே வந்தார். "எங்கிட்ட குடுங்க. எங்க வீட்ல யாரும் தைக்கிறதில்லை. ஒரு கீறல் விழாம வெச்சிருப்பேன்" என்றார். நியாயமான பேச்சுதான். கொடுத்தால் கத்தி பழுதில்லாமல் இருக்கும், ஆனால் அவருடையதாக இருக்காது. வெட்டினால் அவருடையதாகவே இருக்கும், ஆனால் உலகத்தில் ஆணியில்லாத வெட்டாத கத்தி என்று ஒன்று இருக்காது. இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி வற்புறுத்தவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. காலி மேஜைமுன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கை சும்மா இருந்து அவர் பார்த்ததேயில்லை.

மூன்றாம் நாள் காலை, அவள் குளித்துவிட்டு வருவதற்குள் துணியை விரித்து, சாக்கட்டிக் கோட்டின்மேல் கத்தியை வைத்து இழுத்தார். இருபது வருடம் கத்தி சேர்த்தவர், வெட்டிப் பழக்கம் இல்லை. கோடு ஒருபக்கம் போக, கத்தி ஒருபக்கம் போனது. ஆனால் துணி பிரிந்தது, பிரிந்தபடியே கிடந்தது. அவர் அழுதார். துக்கத்திலா சந்தோஷத்திலா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஈரத்தலையோடு வந்த மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "குடுங்க இப்படி, கோணலாப் போகுது" என்று கத்தியை வாங்கிக்கொண்டாள்.

நாற்பது மேலங்கிகளையும் அவள் அந்தக் கத்தியாலேயே வெட்டினாள். கத்தரிக்கோலுக்கு அந்த வீட்டுத் துணி பிறகும் மசியவில்லை. பல் டாக்டர் வந்து, கொம்புப் பிடியில் சாக்கட்டித் தூள் அப்பியிருந்ததைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் குடித்தபின், ஒரு ஓரத்துணியைத் தானும் வெட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். வெட்டினார். வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் அவர் வீட்டில் பப்பாளிப்பழம் அறுபடத் தொடங்கியதாகச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் மெக்கானிக் மற்றக் கத்திகளையும் ஒவ்வொன்றாக இறக்கினார். இப்போது அந்த வீட்டில் சோப்புக்கு ஒரு கத்தி, அட்டைப்பெட்டிக்கு ஒரு கத்தி, எலுமிச்சைக்கு ஒரு கத்தி. விருந்தாளிகள் மாற்றி எடுத்துவிட்டுத் திண்டாடுவார்கள். நோட்டில் 'வெட்டாதது' என்பதை அடித்துவிட்டு 'தினமும்' என்று எழுதினார். அப்படிப் பதின்மூன்று வரிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிச்சமிருந்த ஒன்பதாவது கத்தியையும் உறையிலிருந்து உருவினார்.

மனைவி மெஷினை நிறுத்தாமல், "அதை உள்ள வைங்க" என்றாள்.

"இது எதைப் புடிச்சு வெச்சிருக்குன்னே தெரியலையேம்மா."

"தெரியலைல்ல? அப்ப இருந்துட்டுப் போகட்டும். எத்தனை சண்டை போட்டாலும், அந்தக் கத்தி வந்ததுக்கப்புறம் நாம ஒரு ராத்திரிகூடப் பிரிஞ்சதில்லை."

அவர் கொஞ்சம் யோசித்தார். கத்தியை உறையில் போட்டு, உறையைப் பெட்டியில் வைத்து, பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். காலிக் கட்டத்தில் 'தொட வேண்டாம்' என்று எழுதினார். பிறகு எலுமிச்சைக் கத்தியை எடுத்து இருவருக்குமாக ஒரு பழத்தை அறுத்தார்.