பசிக்கு ஒரு வாக்கியம்

வந்தவர்கள் குடித்துவிட்டு வைத்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள் மகள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். பழைய மாணவர்கள் வரிசையாக வந்து, கால்மாட்டில் நின்று, இங்கிலீஷில் ஆளுக்கொரு 'கெட்' வாக்கியம் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்கள். எல்லாம் அண்ணனின் ஏற்பாடு. ஊரில் அப்பாவுக்குப் பெயரே கெட் வாத்தியார்தான். வாங்கினாலும் கெட், புரிந்தாலும் கெட், நனைந்தாலும் கெட், கல்யாணம் ஆனாலும் கெட். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் பாதி இங்கிலீஷ் கைக்குள் வந்துவிடும் என்பார்.

எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பொறுமையெல்லாம் ஊருக்குத்தான்.

வீட்டில் சட்டம் வேறு. கெட் வைத்து ஒரு வாக்கியம் சொன்னால்தான் சாப்பாடு. பிள்ளைகள் எப்படியோ சமாளித்தார்கள். அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். சமைத்தவளே அவள்தான், அவளும் சொல்ல வேண்டும். பசிக்கிறது என்று சொல்ல ஒரே ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்திருந்தார். அதிலும் நடுவில் ஒரு சொல்லை விழுங்கிவிடுவாள். அவர் அவளுடைய தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லு என்பார். விருந்தாளிகள் இருந்தால் இன்னும் ரெண்டு தடவை. எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் மகளால் மன்னிக்கவே முடியவில்லை.

இப்போது தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவின் தோளை அண்ணன் தொட்டான்.

"நீயும் ஒண்ணு சொல்லும்மா. அப்பாவுக்குப் பிடிக்கும்."

டம்ளரைப் போட்டது போட்டபடி வந்து நின்றாள் மகள். "அம்மா சொல்ல மாட்டாங்க."

"இன்னைக்காவது சும்மா இரேன்."

"செத்த பிறகும் அவர் கேக்குறதச் சொல்லிக்கிட்டு இருக்கணுமா? போதும்ண்ணா. தூக்கச் சொல்லு."

மாணவர்கள் செருப்பைத் தேடினார்கள்.

வண்டி போன பிறகு வீட்டில் அம்மாவும் மகளும்தான். காலையிலிருந்து அம்மாவின் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டைத் தட்டில் போட்டு மகள் மேஜையில் வைத்தாள்.

"சாப்பிடும்மா. இனிமே யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அம்மா தட்டைப் பார்த்தாள். எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். கை தட்டின் ஓரத்திலேயே நிற்க, உதடுகள் மெல்ல அசைந்தன. பாதியில் நின்றன. பிறகு, முதலிலிருந்து தொடங்கினாள்.